கோடியக்கரையில் வலசைப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்துக்குத் தெற்கே, சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ள கோடியக்கரை வனவிலங்கு, பறவைகள் சரணாலயத்துக்கு முதல் முறையாக வருபவர்களும், வந்து ஏமாந்து திரும்பியவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஆவணி முதல் மார்கழி வரையிலான வருகைப் பருவத்தை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எந்த மாதம் வந்தால் நிறையப் பறவைகளைப் பார்க்கலாம்?

நாட்காட்டியைப் பார்த்துக் கிளம்புவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் முதல் தவறு. சதுப்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்துக் கிளம்புங்கள். ஒரே நவம்பர் மாதம் ஒரு வருடம் கண்கொள்ளாக் கூட்டத்தைக் காட்டும். அடுத்த வருடம் வெறும் தண்ணீரைக் காட்டும். காரணம் எளிது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு கரைப்பறவைகளுக்குக் கால் நீளம் சில செ.மீ.தான். சேறு தெரியும் ஆழத்தில்தான் அவை மேயும். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்து சதுப்பு ஏரி போல நிரம்பிவிட்டால், சிறு பறவைகள் சில நாட்களிலேயே வேறு இடம் தேடிப் போய்விடும். அப்போது நெடுங்கால் உள்ளான், பூநாரை, வாத்து, கூழைக்கடா ஆகியவற்றுக்குத்தான் அந்த நீர் வசதி.

பொதுவான ஓட்டம் இப்படி இருக்கும். ஜூலை இறுதி, ஆகஸ்டிலேயே முதல் கரைப்பறவைகள் வந்து இறங்கும். செப்டம்பரில் குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பறவைகள் வந்து சேரும். அக்டோபர் முதல் பாதி, அதாவது மழை தொடங்குவதற்குச் சற்று முன், சிறு கரைப்பறவைகளுக்கும் காட்டுப் பறவைகளுக்கும் மிக நல்ல காலம். மழை வெறித்து நீர் வடியத் தொடங்கும் டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை பூநாரைக்கும் வாத்துக்கும் நல்ல காலம். ஒரே ஒரு முறைதான் வரமுடியும் என்றால், ஜனவரியைச் சொல்வோம். கரைப்பறவைகளை அடையாளம் காணக் கற்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி வாரம்.

தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு வரலாமா?

வரலாம், ஆனால் அது நடு மழைக்காலம். புயல் சின்னம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வேதாரண்யத்தில் யாரையாவது கேட்டு உறுதி செய்துவிட்டு வாருங்கள். கனமழைக்குப் பிறகு சரணாலயத்தின் உட்பாதைகளில் வண்டி விட அனுமதி கிடைக்காமல் போகலாம்.

ஏன் இந்த ஓர் இடத்தில் மட்டும் இத்தனை பறவைகள்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வந்து, கோடியக்கரையில் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. கரையை ஒட்டித் தெற்கே போகும் நிலப்பறவைக்கு இதுதான் கடைசி நிலம். அடுத்தது சுமார் 50 கி.மீ. கடல், அதற்கப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. கடலைக் கடக்குமுன் இளைப்பாறவும் இரை தேடவும் ஒரு காடு தேவை. அந்தக் காடு இங்கே இருக்கிறது: பாலை மரம் மிகுந்த உலர் பசுமைமாறாக் காடு. அதே காட்டுக்கு மேற்கே முத்துப்பேட்டை வரை வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, உப்பளம், அலையாத்திக் காடு என்று நீண்டு கிடக்கிறது. காட்டுப் பறவைக்கும் நீர்ப்பறவைக்கும் ஒரே இடத்தில் சோறு கிடைப்பது அரிது.

1967இல் வெளிமானுக்காகத்தான் இது முதலில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் சதுப்பும் முத்துப்பேட்டைப் பகுதியும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ 20 ஆண்டுகள் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் தலமாக இதுவே இருந்தது. 250க்கு மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றில் கிட்டத்தட்ட பாதி நீர்ப்பறவைகள்.

எப்படி வருவது, எங்கே தங்குவது?

நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி இரண்டிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அகஸ்தியம்பள்ளிதான் கடைசி நிலையம், வேதாரண்யத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரைக்குச் சாலை.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் சாதாரண விடுதிகள் இருக்கின்றன. வனத்துறை விருந்தினர் இல்லத்துக்கு நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அக்டோபர் முதல் கோடியக்கரையில் மீன்பிடி சீசன்; வெளியூர் மீனவர்களும் வியாபாரிகளும் வந்து தங்குவதால் ஊருக்குள் அறை கிடைப்பது கடினம். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வேதாரண்யத்தையே நம்புங்கள். காலை 6 மணிக்கு முன் கிளம்புகிறவர்கள் முதல் நாள் இரவே இட்லியோ ரொட்டியோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். சதுப்புக் கரையில் நிழல் கிடையாது.

சரணாலயத்துக்குள் நுழையக் கோடியக்காடு சோதனைச் சாவடியில் கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்க வேண்டும். கேமராவுக்கும் வண்டிக்கும் தனிக் கட்டணம். சதுப்பின் உட்பகுதிக்கும் உப்பளக் கரைகளுக்கும் போவது வேறு விஷயம்: முன்னதற்கு வனத்துறை அனுமதி, பின்னதற்கு உப்பு நிறுவனத்தின் அனுமதி. உள்ளூர் வழிகாட்டியோடு போனால் இந்தச் சிக்கல் பாதி தீரும். சேறு எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். வேதாரண்யம் – கோடியக்கரை சாலையிலிருந்து பார்த்தால் சதுப்பு மேற்கே இருக்கிறது. ஆகவே காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பறவை மீது முழு வெளிச்சம். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். வாத்தா, உள்ளானா என்பதே தெரியாது. மாலையில் சதுப்புக்குப் போய் ஏமாந்தவர்கள் ஏராளம்.

நவம்பர், டிசம்பரில் சூரியன் 6:00 முதல் 6:30க்குள் உதிக்கும். 5:45க்குக் காட்டோரம் நின்றால் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். 7 மணி வரை காட்டுப் பறவைகள். 7:15க்குச் சதுப்புக்கு வந்துவிடுங்கள். முனியப்பன் ஏரிப் பக்கம் தொடங்குவது வசதி. 9:15, அதிகம் போனால் 9:30 வரைதான் தொலைநோக்கி வேலை செய்யும். அதன் பிறகு சேற்றிலிருந்து எழும் அனல் காற்றை நெளியவைத்துவிடும். 60 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் கொசு உள்ளான் கொதிக்கிற நீரில் மிதப்பது போலத் தெரியும். மழை மூட்டமான நாளில் இந்தத் தொல்லை இல்லை, மதியம் வரையும் பார்க்கலாம்.

வெயில் நேரத்தில் ஓய்வெடுத்துவிட்டு, 3:30க்குப் புல்வெளிக்கு வந்தால் வெளிமான்கள் மேய வரும். 5 மணிக்குக் கடற்கரை: படகுகள் ஒதுங்கும் இடத்தில் கடற்காகங்களும் ஆலாக்களும். 5:45க்கு இருட்டத் தொடங்கும், அதற்குள் சாவடியைக் கடந்துவிட வேண்டும்.

என்ன கருவிகள் தேவை?

8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முகப்பு வில்லை) இருகண்ணோக்கி ஒன்று போதும் என்று தொடங்குங்கள். காட்டுக்குள் 10x அதிகம். கை நடுக்கமும் கூடத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். சதுப்புக்கு மட்டும் 20–60x தொலைநோக்கியும் முக்காலியும் இருந்தால்தான் கரைப்பறவைகளைப் பிரித்தறிய முடியும். ஐந்து பேராக வந்தால் ஒன்று போதும். முக்காலியை முழு உயரத்துக்கு இழுக்காமல் தாழ்த்தி வையுங்கள். கடற்காற்றில் உயரமான முக்காலி அதிர்ந்துகொண்டே இருக்கும். நடுத்தண்டில் ஒரு பையைத் தொங்கவிட்டால் நிலைக்கும்.

காலுக்கு, கணுக்காலில் இறுக்கிக் கட்டும் செருப்போ கேன்வாஸ் ஷூவோ. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இந்தச் சேற்றுக்கு ஆகாது, மாட்டினால் பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். மேலே வெடித்துக் காய்ந்தது போலத் தெரியும் சேற்றுக்கு அடியில் குழம்பு இருக்கும். வெள்ளைத் தோல் போல உப்புப் பூத்த இடத்தில் தனியாகக் கால் வைக்காதீர்கள். மழைக்குப் பிறகு மண் கரைகளில் இருசக்கர வண்டி ஓட்டவும் வேண்டாம். களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அடைத்து வண்டி நின்றுவிடும். உப்புக்காற்று பட்ட கண்ணாடிகளைத் துணியால் தேய்க்காமல், முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த உப்பு கண்ணாடியைக் கீறும்.

எல்லா உள்ளானும் ஒரே மாதிரி சாம்பலாக இருக்கின்றனவே, எப்படிப் பிரிப்பது?

நிறத்தை மறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஏறக்குறைய எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. அளவு, அலகு, நடை என்ற வரிசையில் பாருங்கள்.

முதலில் கொசு உள்ளானை மனதில் பதியவையுங்கள். சுமார் 13 செ.மீ., சிட்டுக்குருவியைவிடச் சிறியது, அலகு குட்டை, நேர். நிற்காமல் தையல் எந்திரம் போல் குத்திக்கொண்டே ஓடும். அதற்கு அருகில் அதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாய், நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகோடு, தொடை நனைய நீரில் நின்று மேய்வது வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது அதன் வால்மேல் பகுதி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இந்த இரண்டும்தான் கூட்டத்தில் பெரும்பான்மை. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், கூட்டத்தில் வேறாக இருப்பது தானாகவே கண்ணில் படும்.

உப்புக்கொத்திகளின் நடை வேறு. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து எடுக்கும், மறுபடி ஓடும். உள்ளான் மூக்கால் தடவி இரை தேடும். உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து எடுக்கும். அதனால்தான் அதற்குக் கண் பெரிது, அலகு குட்டை. இங்கே அதிகம் காணப்படும் மணல் உப்புக்கொத்தி அண்மையில் இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்டது. நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத் மேட்டுநிலத்தைச் சேர்ந்தவை. குளிர்கால உடையில் இரண்டையும் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பெரிய பறவைகளில் குழப்பம் இரண்டு. கருவால் மூக்கன் பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும்; பட்டைவால் மூக்கனுக்கு அது கிடையாது, அலகும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பெரிய கோட்டானுக்கும் சின்னக் கோட்டானுக்கும் அலகு நீளம் மட்டும் போதாது, இளம் பெரிய கோட்டானின் அலகும் குட்டைதான். தலையைப் பாருங்கள்: உச்சியில் கறுப்புக் கோடுகள் இருந்தால் சின்னக் கோட்டான்.

முதிர்ந்த பறவையையும் இளம் பறவையையும் பிரித்துப் பதிவு செய்ய வேண்டுமா?

முடிந்தால் அவசியம் செய்யுங்கள். வெறும் எண்ணிக்கையைவிட இதற்கு மதிப்பு அதிகம். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் ஆர்க்டிக் தூந்திரா என்னும் மரமற்ற உறைநிலத்தில் குஞ்சு பொரிக்கிறது. ஆண்கள் முதலில் கிளம்பும், பிறகு பெண்கள், கடைசியில் குஞ்சுகள் யாரும் வழிகாட்டாமலேயே. ஆகஸ்டில் இங்கே வருபவை மார்பில் செங்கல் நிறத் திட்டுகள் மிச்சமிருக்கும் முதிர்ந்தவை. செப்டம்பரிலிருந்து வருபவற்றில் முதுகு இறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு கட்டி, மீன் செதில் போலச் சீராக இருந்தால் அது இளம் பறவை. மார்பில் இளமஞ்சள் சாயல் இருக்கும்.

இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும். தூந்திராவில் லெம்மிங் என்னும் எலி பெருகிய ஆண்டில் நரிகள் அதையே தின்னும்; உள்ளான் குஞ்சுகள் தப்பிக்கும். எலி குறைந்த ஆண்டில் நரி, குஞ்சுகளைத் தேடும். அந்த ஆண்டு செப்டம்பரில் நம் கரையில் செதில் முதுகுப் பறவைகள் அரிதாகிவிடும். நவம்பருக்குப் பிறகு இளம் பறவைகளும் இறகு மாற்றத் தொடங்குவதால் பிரிப்பது கடினம்.

பூநாரையைக் கட்டாயம் பார்க்க முடியுமா?

உறுதி சொல்ல முடியாது. இந்தியாவில் பூநாரைகள் பெருமளவில் முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண் பகுதி. மழைக்காலத்துக்குப் பிறகு அவை நாடு முழுவதும் உப்பு நீர் உள்ள இடங்களைத் தேடிப் பரவும். கோடியக்கரையில் தங்குவதும் தங்காததும் நீரின் உப்புத்தன்மை, ஆழம், அதில் உண்டாகும் பாசி, புழு, சிறு இறால் ஆகியவற்றைப் பொறுத்தது. மழையால் நீர் மிகவும் நன்னீராகி, ஆழமும் கூடினால் சதுப்பின் உட்பகுதிக்கோ வேறு ஊருக்கோ போய்விடும். சாலையிலிருந்து தெரியவில்லை என்பதால் வரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சதுப்பு மிகப் பெரியது, பல நேரம் தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாக மட்டுமே தெரியும்.

அலகு இளஞ்சிவப்பாகவும் நுனி மட்டும் கறுப்பாகவும் இருந்தால் பெரும் பூநாரை. அலகு முழுதும் கருஞ்சிவப்பாக, உடல் சிறிதாக, நிறம் அடர்த்தியாக இருந்தால் சிறு பூநாரை; இங்கே அது குறைவு. சாம்பல் கலந்த பழுப்பில் நிற்பவை பெரும் பூநாரையின் இளம் பறவைகள். அவற்றைச் சிறு பூநாரை என்று பதிவதுதான் வழக்கமான பிழை.

காட்டில் எந்தப் பறவைகளைத் தேடலாம்?

அக்டோபரில் காடுதான் சதுப்பைவிடச் சுவையானது, ஆனால் பெரும்பாலோர் பூநாரையைத் தேடிக் காட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி, செந்தலைப் பூங்குருவி, பழுப்புக் கீச்சான் எல்லாம் பாலை மரங்களின் அடியிலும் புதர் ஓரத்திலும் இருக்கும். கருந்தலை மீன்கொத்தி காட்டோர ஓடைகளிலும் அலையாத்திகளிலும். வானத்தில் நீலவால் பஞ்சுருட்டான்.

நடந்து தேடுவதைவிட உட்கார்ந்து காத்திருப்பது பலன் தரும். சருகைப் புரட்டும் ஒலி கேட்கும் இடத்தில் 20 நிமிடம் அசையாமல் இருங்கள். ஆறுமணிக்குருவியும் பூங்குருவியும் தரையில் சருகைக் கிளறித்தான் இரை தேடும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இங்கே வேண்டவே வேண்டாம். கடல் கடக்கக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை எதிரியைத் தேடி அலைந்தால் அதற்கு அந்த நாளின் இரை நட்டம்.

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் இந்தக் காட்டின் பெருமரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மான்களும் ஏராளமாக மடிந்தன. மேல்விதானம் திறந்த இடங்களில் புதர் பெருகியிருக்கிறது. பழைய கட்டுரைகளையும் படங்களையும் வைத்து இடம் தேடினால் பொருந்தாது.

வீட்டுக்குள் வண்ணக்குருவி ஒன்று விழுந்து கிடக்கிறது, என்ன செய்வது?

அக்டோபர், நவம்பரில் கடற்கரை மாவட்டங்கள் எங்கும் கேட்கப்படும் கேள்வி இது. அநேகமாக ஆறுமணிக்குருவிதான். இரவில் பயணம் செய்யும் பறவை. விளக்கொளியில் தடுமாறிச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதியிருக்கும். காற்றுத் துளைகள் போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போனால் இறந்துவிடும். சோறு, பழம் எதுவும் வேண்டாம். பூனையையும் காகத்தையும் விலக்கி வைத்து, தெளிந்ததும் மாலையில் மரம் செடி அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். இறக்கை தொங்கினாலோ சில மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

ஒரே இடத்தில் பல நீர்ப்பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள்.

காலில் வளையம் போட்ட பறவையைக் கண்டால்?

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அலுமினிய வளையத்தில் எழுத்தும் எண்ணும் இருக்கும். சில பறவைகளுக்குக் கூடவே வண்ணக் கொடியும் இருக்கும். உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றவே கூடாது. கொடிகளின் நிறம், இடது காலா வலது காலா, முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக எந்த வரிசை, எழுத்து என்ன என்பதைக் குறித்து, படம் எடுத்து, நாளும் இடமும் சேர்த்து மும்பையிலுள்ள கழகத்துக்கு அனுப்புங்கள். இடது வலது என்பது பறவையின் இடது வலது, உங்களுடையது அல்ல. நாடு அடையாளம் காண்பதே நிற வரிசையால்தான் என்பதால், மேல் கீழ் மாறினால் பறவையின் ஊரே மாறிவிடும்.

இறந்த பறவையாக இருந்தால் வளையத்தைத் தட்டையாக்கிக் கடிதத்தோடு அனுப்பலாம், முதலில் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு.

ஆயிரக்கணக்கான பறவைகளை எப்படி எண்ணுவது?

பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அதே அளவைக் கண்ணால் நகர்த்தி நூறு வரை போங்கள். பிறகு நூறு நூறாக நகருங்கள். கூட்டத்தின் நடுவில் தொடங்காமல், விளிம்பில் தொடங்கி ஒரே திசையில் போக வேண்டும். கலந்த கூட்டமென்றால் மொத்தத்தை ஒரு முறை எண்ணி, பிறகு மூன்று நான்கு இடங்களில் நூறு நூறு பறவைகளைத் தனித்தனியாகப் பார்த்து இன விகிதத்தைக் கணக்கிடுங்கள். ஓரத்தில் மட்டும் எடுத்தால் விகிதம் பிழைக்கும்: நீண்ட காலுள்ளவை ஆழத்திலும் குட்டைக் காலுள்ளவை கரையோரத்திலும் நிற்கும்.

பொரி வல்லூறு பாய்ந்து கூட்டம் எழும்பிவிட்டால் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உட்கார்ந்தவற்றை மறுபடி எண்ணிச் சேர்த்தால் இருமடங்காகும். ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிபவர்கள் நாள் முழுவதையும் ஒரே பட்டியலில் போடாமல், காடு, சதுப்பு, கடற்கரை என்று தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும்படி இடுங்கள். எண்ணாத இனத்துக்கு எக்ஸ் போடுவதைவிடத் தோராயமான எண் ஒன்றைப் போடுவது நல்லது. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர விரும்புவோர் டிசம்பரிலேயே வனத்துறையிடமோ பறவையாளர் அமைப்புகளிடமோ சொல்லிவைக்க வேண்டும்.

பறவை தவிர வேறென்ன பார்க்கலாம்?

வெளிமான்தான் இந்த ஊரின் முதல் குடிமகன். முதிர்ந்த ஆண் கறுப்பும் வெள்ளையுமாய், முறுக்கிய கொம்போடு இருக்கும். பெண்ணும் குட்டியும் மணல் நிறம். திறந்த புல்வெளியைத் தவிர வேறெங்கும் தேட வேண்டாம். வண்டிக்குள் இருந்தால் நெருங்க விடும், இறங்கினால் ஓடும். புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டியை அநாதை என்று தூக்கிவிடாதீர்கள், தாய் அருகில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, முயல், குரங்கு எல்லாம் உண்டு. குரங்குக்குத் தீனி போட்டுப் பழக்கியதன் விளைவை ராமர் பாதம் மேட்டில் கையில் பையோடு ஏறினால் உணரலாம். காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் படத்துக்கு அழகு. ஆனால் வெளிமானுக்குக் கிடைக்க வேண்டிய புல்லை அவையும் தின்கின்றன. இன்னொரு சிக்கல் சீமைக்கருவேலம். மான் அதன் நெற்றைத் தின்று விதையைப் புல்வெளியெங்கும் போடுகிறது, முளைத்த மரம் அதே மானின் புல்வெளியை மூடுகிறது. வனத்துறை வெட்டிக்கொண்டே இருந்தாலும் வேர் மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும்.

கடல் ஆமை முட்டையிடுவது ஜனவரிக்குப் பிறகு. வருகைப் பருவத்தில் வருபவர்களுக்கு அது கிடைக்காது.

படம் எடுக்க எவ்வளவு நெருங்கலாம்?

மீட்டர் கணக்கு உதவாது, பறவையைப் பாருங்கள். பூநாரைகள் மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்ந்தால் எச்சரிக்கை. எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள், அடுத்த கட்டம் பறப்பதுதான். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டிக் கிளப்புகிறவர்களை வனத்துறையிடம் சொல்லத் தயங்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வந்த பறவை இங்கே இறகு மாற்றவும் உடம்பு தேற்றவும் நிற்கிறது. ஒவ்வொரு தேவையற்ற பறத்தலும் அதன் சேமிப்பிலிருந்து போகிறது. டிரோனுக்கு அனுமதி இல்லை.

முன்பைவிடப் பறவைகள் குறைந்துவிட்டன என்கிறார்களே?

உண்மைதான். 1980களில் இருந்ததோடு ஒப்பிட்டால் கரைப்பறவைகள் மிகவும் குறைந்துவிட்டன. அப்போது இங்கே பதிவான கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலகிலேயே அழிவின் விளிம்பில் இருக்கிறது. காரணங்களில் பாதி இங்கே இல்லை. அவை தங்கிச் செல்லும் வழிகளிலும் குஞ்சு பொரிக்கும் இடங்களிலும் இருக்கின்றன. மீதிப் பாதி தண்ணீரில் இருக்கிறது. காவிரிக் கடைமடையிலிருந்து வடிகால்கள் வழியே சதுப்புக்கு வந்த நன்னீர் குறைந்தது, ஆற்றுமுகங்கள் தூர்ந்தன, உப்பளங்கள் விரிந்தன. உப்பளத்தை முழுக்கப் பகை என்று சொல்ல முடியாது. ஆழம் குறைந்த, ஓரளவு உப்பேறிய தேக்கங்களில் பறவைகள் நன்றாகவே மேயும். உப்பு கட்டித்தட்டும் கடைசிப் பாத்திகளில் எதுவும் வாழாது. மழைக்காலத்தில் உப்பு வேலை நின்று, பாத்திகளில் மழைநீர் நிற்கும் வாரங்களில் அதே இடத்தில் உள்ளான்களைப் பார்க்கலாம்.

கோடியக்கரையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்?

முத்துப்பேட்டைக்குப் போங்கள். அதே ஈரநிலத்தின் மேற்கு முனை அது. கனமழைக்குப் பிறகு கிழக்கே நீர் ஆழமாகும்போது அலையாத்திக் காட்டுக் காயலின் ஓரச் சேறுகளில் பறவைகள் ஒதுங்கும். படகுக்கு வனத்துறையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காலை 7 மணிப் படகு கேளுங்கள், 10 மணிப் படகு சுற்றுலாவுக்குத்தான் ஆகும். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் படகு விடமாட்டார்கள். வயல்களையும் விட்டுவிட வேண்டாம்: திருத்துறைப்பூண்டிச் சாலையோரம் நடவுக்குச் சேறடித்த வயல்களில் உள்ளான்கள், நாரைகள், சில நாள் பொன்னிற உப்புக்கொத்திகளும் காசு செலவில்லாமல் கிடைக்கும்.